மாடியில் இருபத்திரண்டு தொட்டிகள்

"பத்து மணிக்கு அந்தக் கடைக்காரர் வர்றாரு. பன்னெண்டு மணிக்கு மாடித் தொட்டியெல்லாம் அள்ளிட்டுப் போகப் பழைய சாமான்காரன் வண்டியோட வர்றான். ரெண்டுக்கும் நடுவுல என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே!"

அவளிடம் கத்திவிட்டுக் கணவன் தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி டீ வெளியே குதித்தது. மாமியார் துணியோடு ஓடி வந்தார். அந்த வீட்டில் யார் மனம் உடைந்தாலும் முதலில் துடைக்கப்படுவது மேசைதான்.

"ரெண்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கறேன்..." என்றார் மாமியார், தேய்த்தபடியே. "மாடி பூரா சேறு, படியெல்லாம் ஈரம்... இது குடித்தனம் பண்ற வீடா, தவளை வளர்க்கிற குட்டையா? இப்பவாவது உனக்குக் கண்ணு திறந்துச்சேடா!"

அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். விடிந்ததிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக எட்டுத் தடவை ஏறி இறங்கிவிட்டாள். அடுப்பில் வெங்காயம் கருகியது. ஓடிப்போய் இறக்கி வைத்தாள். இரண்டே நிமிடத்தில் கால் மறுபடி மாடிப்படிக்குப் போய்விட்டது.

"அண்ணி, படி தேய்ஞ்சிடப் போகுது" என்றான் கொழுந்தன், செருப்பை மாட்டிக்கொண்டே. அவளுக்குப் 'பாசிக்காரி' என்று பட்டம் வைத்தவன் அவன்தான். மற்ற நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இன்று அவனைத் தாண்டிப் படியேறினாள். அவன் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

மாடியில் இருபத்திரண்டு தொட்டிகள். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்கள், விரிசலை அடைத்த வாளிகள், யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட ஒரு குளியல் தொட்டி. எல்லாவற்றிலும் நீர்ச்செடிகள். மீன் வளர்க்கிறவர்கள் கண்ணாடித் தொட்டிக்குள் நடுகிற செடிகள். நாடாவாக நீளுகிற இலை, வாள் போல விறைத்து நிற்கிற இலை, கல்லிலும் கட்டையிலும் நூலால் கட்டி வளர்த்த பச்சைப் பாசி. கொசு முட்டையிட்டால் தின்பதற்கு ஒவ்வொன்றிலும் இரண்டு பொடி மீன்கள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும், "யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்க வேண்டாமா?" என்று பேச்சு வந்தது. அந்த 'யாராவது' யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருஷம்! மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி... அவர் போன பிறகு ஆய்வுக்கூடம் அவளை மறந்திருந்தது. ஆனால் கை சும்மா இருக்க மறுத்தது.

அப்போதுதான் கொழுந்தன் ஆசைப்பட்டு வாங்கிய மீன்தொட்டியில் மீனெல்லாம் செத்து, ஒரே ஒரு செடி மட்டும் மிஞ்சியது. குப்பையில் போடச் சொன்னார் மாமியார். அவள் வாளியில் போட்டாள். மூன்றாவது வாரம் அது பக்கக் கன்று விட்டது. அதைக் கிள்ளி இன்னொரு வாளி, அப்புறம் இன்னொன்று... தன் பேச்சைக் கேட்டு இந்த உலகத்தில் ஏதோ ஒன்று வளர்கிறது என்று அவளுக்குத் தோன்றியது அந்த வருஷம்தான். இப்போது நகரத்தின் பெரிய வளர்ப்புமீன் கடை ஒன்று வாரா வாரம் அவளிடம்தான் செடி எடுக்கிறது.

நேற்று வரை எடுத்தது.

நேற்று அவளுடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். விடிந்ததும் கிளம்ப வேண்டியிருந்தது. கடை வண்டி ஒன்பது மணிக்கு வரும். கொத்துக் கொத்தாகக் கட்டிய செடிகளைத் தட்டில் அடுக்கி, மேலே ஈரக் காகிதம் போர்த்தி, மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை... இதை அப்படியே பெட்டியில வெச்சு வண்டிக்காரர்கிட்டக் குடுத்துடுறீங்களா?" மாமியார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது கடைக்காரரின் போன் வந்தது. செடிகளை நட்ட ஒரு மணி நேரத்தில் அவர் தொட்டியிலிருந்த எண்பது இறால்களும் செத்துக் கவிழ்ந்துவிட்டன. விரல் நகம் அளவுச் சிவப்பு இறால்கள். சமைக்கிற ஜாதி இல்லை, தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற ஜாதி. "என்ன மருந்து அடிச்சீங்க அக்கா?" என்று கேட்டார் அவர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மருந்தா? அவளா? ஒவ்வொரு முறை செடி அனுப்பும் முன்பும் அதே தொட்டியிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, அதற்குள் ஐந்து இறால்களை விடுவாள். தண்ணீரில் துளி விஷம் இருந்தாலும் முதலில் சாவது இறால்தான். இரண்டு நாள் அவை உயிரோடு மேய்ந்தால்தான் செடிக்குப் பெட்டி. ஆய்வுக்கூடம் விட்டாலும் அந்தப் புத்தி அவளை விடவில்லை. இந்த முறையும் அப்படித்தான் பார்த்தாள். இன்று காலை எட்டுத் தடவை மாடிக்கு ஓடியதும் அந்த ஜாடியைப் பார்க்கத்தான். ஐந்தும் ஜம்மென்று மேய்ந்துகொண்டிருந்தன!

அப்படியானால் அந்த எண்பது எப்படிச் செத்தன?

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கடைக்காரர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். எந்நேரமும் தொட்டிக்குள் கை விட்டு விட்டு, சட்டைக் கை இரண்டும் ஈரமாகவே இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சண்டை போட வரலைக்கா. உங்க செடி மாதிரி எனக்கு யாரும் குடுத்ததில்ல. ஆனா ஒரு தொட்டி முழுக்க... நீங்களே பாருங்க."

ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். இறால்கள் கவிழ்ந்ததுமே தொட்டியிலிருந்து பிடுங்கிக் கட்டிவைத்த செடிகள். அவள் முடிச்சை அவிழ்த்துப் பாசிக் கொத்தை எடுத்தாள். விரலால் நசுக்கினாள்.

வழுக்கியது. விரலிடுக்கில் இரண்டு குமிழிகள் எழும்பி உடைந்தன. அப்புறம் அந்த வாசனை... மீன் நாற்றத்திலேயே ஊறிய கடைக்காரரின் மூக்குக்கு அது எட்டியிருக்காது. அவளுக்கு எட்டியது. எலுமிச்சை!

நிமிர்ந்தாள். உள்கதவில் சாய்ந்து மாமியார் நின்றிருந்தார், இடுப்பில் துடைக்கும் துணியோடு. கடையிலிருந்து வரும் காய்கறியை இரண்டு தடவை கழுவுகிறவர். பக்கத்து வீட்டுக்குக் கரண்டி திருப்பிக் கொடுத்தாலும் பளபளக்கத் தேய்த்துத்தான் கொடுப்பார். அழுக்காக எதுவும் இந்த வாசலைத் தாண்டிப் போகக் கூடாது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு வார்த்தை போதும். 'அத்தை, சோப்பு போட்டீங்களா?' அந்த ஒரு வார்த்தையில் அவள் மேல் விழுந்த பழி துடைபட்டுப் போகும், தொட்டிகள் தப்பிக்கும். ஆனால் இத்தனை வருஷம் தூய்மை என்ற ஒன்றை வைத்தே தலைநிமிர்ந்து நின்ற அந்த மனுஷி, வெளியாள் முன்னால், பெற்ற மகன் முன்னால்... வார்த்தை தொண்டை வரை வந்தது. அவள் அதை உள்ளேயே அழுத்தினாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "இலையில பூச்சி இருந்துச்சு... கொஞ்சம் மருந்து அடிச்சேன்."

கடைக்காரர் அவளையே பார்த்தார். "நீங்களாக்கா? நீங்களா அடிச்சீங்க?"

"ஆமா..."

"கேட்டீங்களா!" கணவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். "என் தலையை வாங்கறதுக்குன்னே இவளுக்கு ஒரு தொழில்! ஊர்ல உலகத்துல பொம்பளைங்க வீட்டுல சும்மா இருக்கலையா?"

பன்னிரண்டுக்கு வர வேண்டிய பழைய சாமான் வண்டி அதற்குள்ளேயே தெருவில் மணியடித்தது. வரக்கூடாத வண்டிகள்தான் எப்போதும் முன்கூட்டியே வரும். கணவன் வாசலுக்குப் போய், "மேல வாப்பா, எல்லாத்தையும் கொட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றான். மாடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. முதல் தொட்டி... இரண்டாவது தொட்டி... அவை படியிறங்கி வந்து கூடத்து மூலையில் காலியாக உட்கார்ந்தன. அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கொட்டினது எந்தத் தொட்டி, எந்தச் செடி என்று அந்தச் சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடியும்.

"நான் வர்றேன்க்கா" என்று கடைக்காரர் எழுந்தார். "இனிமே எடுக்கிறது கஷ்டம்... தப்பா நினைக்காதீங்க."

"நில்லுங்க!"

மாமியாரின் குரல். 'மருந்து' என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அவர் முகம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இப்போது இரண்டு எட்டில் கூடத்துக்கு நடுவே வந்து நின்றார். மருமகளைப் பார்த்துத்தான் கோபம்.

"என்னடி மருந்து? எப்ப அடிச்சே?"

"முந்தாநாள், அத்தை..."

"அடிச்சா என்ன? அது எப்படி செடியில இருக்கும்? நேத்து நீ போனப்புறம் காகிதத்தை எடுத்துப் பாக்கறேன்... பாசியெல்லாம் சளசளன்னு, இலையெல்லாம் வழவழன்னு! இந்தக் கண்றாவியையா வெளியில அனுப்பறது, நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு, ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு இலையா சோப்பு போட்டுத் தேய்ச்சேன்! நாலு தண்ணி அலசினேன்! நான் கழுவின பொருள்ல மருந்து ஒட்டிட்டு இருக்குமா? யாரைப் பாத்து என்ன பேச்சு இது?"



"அம்மா..." என்றான் கணவன் மெதுவாக. "என்ன சோப்பு?"

"பாத்திரத்துக்குப் போடறதுதான். எலுமிச்சை. புது பாட்டிலைப் பிரிச்சேன்" என்றார், இன்னும் நெஞ்சை நிமிர்த்தியபடி.

கடைக்காரர் பையிலிருந்த பாசியை முகத்தருகே கொண்டுபோனார். நீண்ட மூச்சாக இழுத்துப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார். "பாசி பஞ்சு மாதிரிம்மா" என்றார், ரொம்பத் தணிந்த குரலில். "நாலு தண்ணி இல்ல, நாப்பது தண்ணி அலசினாலும் உள்ள குடிச்ச சோப்பு போகாது. தொட்டிக்குள்ள போனதும் மெல்ல மெல்ல விடும். இறாலுக்கு அது ஆகாது. மூச்சு முட்டிடும்."

மாமியார் அவரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். நிமிர்ந்திருந்த நெஞ்சு மெல்லத் தாழ்ந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... அந்த எண்பதையும் கொன்னது நானா?"

"அத்தை, தெரியாமத்தானே..."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"எப்பத் தெரியும்னு கேக்கறேன்!"

"பையைப் பிரிச்சப்பவே, அத்தை... வாசனை வந்துச்சு."

"தெரிஞ்சுமா நான் அடிச்சேன்னு சொன்னே? ரெண்டு வருஷமா உன்னை என்னென்ன பேசியிருக்கேன்... இன்னைக்குக் காலையில கூட! நீ என் தலையில போட்டிருக்கலாமே! போட வேண்டியதுதானே! ஏன்டி சொல்லலை?"

அப்போதுதான் அவள் உடைந்தாள். எண்பது இறால் செத்ததற்கு அழாதவள், தொட்டி படியிறங்கியபோதும் அழாதவள், மாமியாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"ரெண்டு வருஷத்துல... முதல் தடவையா நீங்க என் செடியைக் கையால தொட்டிருக்கீங்க, அத்தை. ஒரு மணி நேரம் உக்காந்து, ஒவ்வொரு இலையா... அதைப் போய்த் தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அடி பாவி..."

மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எங்கே கை வைப்பது என்றுகூட இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ஒன்பது வருஷம் நீ செஞ்சதையே நான் ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னதில்லையேம்மா..." என்று விம்மினார் மாமியார். அப்புறம் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். அழுகையிலும் அந்தப் பார்வைக்குக் காரம் குறையவில்லை.

"ஏன்டா! எப்படி ஆச்சு, ஏன் ஆச்சுன்னு உம் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"நீங்கதானேம்மா எடுத்துப் போடு, எடுத்துப் போடுன்னு..."

"நான் சொன்னா? பல் டாக்டர்கிட்டப் போன்னு நாலு மாசமா சொல்றேன், போனியா? இதை மட்டும் எப்படி உடனே கேட்டே?"

மாடிப்படியில் மூன்றாவது தொட்டியோடு பாதி வழியில் நின்ற பழைய சாமான்காரன், ஏறுவதா இறங்குவதா என்று புரியாமல் விழித்தான். "மேலயே கொண்டு போய் வைப்பா" என்று அதட்டினார் மாமியார். அவன் ஏறினான்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அக்கா, அடுத்த வாரம் வழக்கம்போல அனுப்புங்க. இறாலுக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்." வாசல் வரை போனவர் திரும்பி மாமியாரைப் பார்த்தார். "அம்மா... கழுவாம அனுப்புங்க."

அழுதுகொண்டிருந்த மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது.

அவர் போன பிறகு கணவன் தொண்டையைச் செருமினான். சட்டைப் பொத்தானைத் திருகினான். கூடத்து மூலையில் கிடந்த இரண்டு காலித் தொட்டிகளைப் பார்த்தான். கடைசியில், பெரிய மனது பண்ணுகிற குரலில் சொன்னான்:

"சரி... தொட்டியெல்லாம் இருக்கட்டும்."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

"இருக்கட்டும்னு நீங்க சொல்றதால இல்லைங்க. அது இருக்கும். அந்த ரெண்டையும் மாடிக்குக் கொண்டு போய் வைங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கினான். அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது போலிருக்கிறது, படியில் ஒரு தடவை தடுமாறினான். மற்ற நாளாக இருந்தால் அவள் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்திருப்பாள். இன்று மாமியாரின் தோளை அணைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.