மஞ்சள் ஜாக்கெட் கடந்து போனது

வால் வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. ஏரிக்கரை மரநிழலில் பைக்குகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தவன் பிரித்தபடி இருந்தான். கடைசியாக வந்து நின்ற மருந்தம்மா ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டது ஒரே கேள்வி.

"லாரிக்காரி எங்க?"

"அதை நாங்கதானே உங்களைக் கேக்கணும்," என்றார் தலைவர். "உங்களுக்குப் பின்னாடிதானே அவ வரணும்?"

"என்னைத் தாண்டி வந்தாளே. மஞ்சள் ஜாக்கெட் போனதைப் பார்த்துட்டுத்தான் நான் கிளம்பினேன்."

"இங்க வரலைம்மா."

இந்தப் பைக் சங்கத்தில் முன்னால் போகிறவருக்குத் தலை என்று பெயர். கடைசியில் மஞ்சள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வருகிறவர் வால். வால் யாரையும் முந்தாது. வண்டி நின்றவனோடு நிற்கும், விழுந்தவனைத் தூக்கும். அன்றைக்கு வால், லாரிக்காரி. முப்பது வயதுப் பெண். பிழைப்புக்கு லாரி, ஞாயிறானால் எல் போர்டுகளுக்குப் பைக் பழக்குவது. பழகுகிறவர்களையும் சங்கத்துப் பயணத்தில் கூட்டிப் போக வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்தான். மருந்துக்கடை வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயது மருந்தம்மா அவளிடம் பழகுகிற எல் போர்டு.

தலைவரின் போன் அடித்தது. இன்னொரு எல் போர்டான தையல்காரர் பேசினார்.

"இங்க ஒரு பாலம் வேலை நடக்குதுங்க. பெரிய பள்ளம். லாரிக்காரி உள்ள விழுந்துட்டா. பேச்சு இருக்கு, கால்தான் திரும்பிக் கிடக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன்."

"பாலமா? நம்ம வழியில பாலமே இல்லையே?"

"கூட்டுரோட்டுல ஆள் இல்லைங்க. ஆள் இல்லைன்னா நேரா போகணும்னுதானே சொன்னீங்க? நேரா வந்தோம்."

எல்லாத் தலையும் மருந்தம்மா பக்கம் திரும்பியது.

ஏன் திரும்பியது என்றால், கூட்டுரோட்டு ஆள் அவள்தான். போகிற வழி தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே தனக்கு அடுத்து வருகிறவரை இறக்கி விட்டுப் போவார். இறங்கியவர் ஓரமாக நின்று கையைக் காட்ட வேண்டும். கடைசியில் மஞ்சள் ஜாக்கெட் வந்த பிறகுதான் நகரலாம். ஆள் நின்றால் திரும்பு, ஆள் இல்லாவிட்டால் நேரே போ. இவ்வளவுதான் சட்டம். சின்னச் சட்டம்தான், ஆனால் ஒருத்தர் இடத்தை விட்டு நகர்ந்தால் பின்னால் வருகிறவர் பள்ளத்தில் கிடப்பார்.

*

மதியம், ஆஸ்பத்திரி வராந்தா.

சப்-இன்ஸ்பெக்டர் சின்னப் பையன். மீசை இன்னும் முடிவு பண்ணாத வயசு. மருந்தம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தான். அதுவே பெரிது.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"கால் வலிக்கற வரைக்கும்."

"கூட்டம் போனதும் கிளம்பிட்டீங்களா?"

"இல்லை. எல்லாரும் ஒண்ணா வந்தாங்க, ஒண்ணா போனாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஈ காக்கா இல்லை. வேர்வை கண்ணுல இறங்குச்சு. அப்பத்தான் ஹெல்மெட்டைக் கழட்டி டேங்க் மேல வெச்சேன். கறுப்பு பைக் ஒண்ணு வந்துச்சு, மேல மஞ்சள் ஜாக்கெட். உடனே எடுத்து மாட்டிக்கிட்டேன்."

"முகம் பார்த்தீங்களா?"

"ஹெல்மெட்டுக்குள்ள என்ன முகம் தெரியும்? ஜாக்கெட்டைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன்."

"காலையா?"

"நான் எல் போர்டு, தம்பி. யார் எப்படி கியர் போடறாங்கன்னுதான் என் கண்ணு போகும். நான் நின்ன பக்கம் கியர் பக்கம். திரும்பினதும் ஒரு மிதி மிதிச்சு கியர் ஏத்திட்டுப் போயிருச்சு. வழக்கமா வால் நின்னு என்னை முன்னாடி விட்டுட்டுத்தான் வரும். இது நிக்கலை. வழியில டீக்கடையில நின்னப்போ என்னைத் திட்டினா, அந்தக் கோபம் இன்னும் தீரலை போலன்னு நெனச்சேன்."

"எதுக்குத் திட்டினா?"

"காலைப் பார்த்து ஓட்டறேன்னு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை முழுங்கினான். பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்த வக்கீல் முழுங்கவில்லை.

வக்கீல் சங்கத்தின் உபதலைவர். லாரிக்காரி வருவதற்கு முன்பு பல வருஷம் வாலாக வந்தவர். லாரிக்காரியும் அவரும் ஒரே கடையில் ஒரே வாரம் எடுத்த ஒரே மாதிரிக் கறுப்பு பைக் வைத்திருந்தார்கள். அவர் ஷூவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பள்ளத்துச் சேற்றை மிதித்துவிட்டு எல்லாரும் நிற்க, அவர் மட்டும் துணியால் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்றார். "இந்தம்மாவைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வயசு அப்படி. ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டுக் காத்து வாங்கிட்டு நின்னா கவனம் எங்க இருக்கும்? பொழுது போகலை, கிளம்பிட்டாங்க. இப்ப ஜாக்கெட்டு, காலுன்னு கதை. எல் போர்டுகளைச் சேர்க்காதீங்கன்னு தலைவர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிடறோம்."

"என்னை அனுப்புங்க," என்றாள் மருந்தம்மா. "மத்தவங்க என்ன பண்ணாங்க?"

"நீங்க பண்ணதுக்கு அவங்க சேர்த்து அனுபவிக்கணும். அதான் சங்கம்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தான். "அம்மா, உங்க எல் லைசன்ஸ் ரத்தாகலாம். கேஸும் வரலாம். மனசைத் தேத்திக்குங்க."

"மனசு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு?"

"கேஸ் வரும்னீங்களே. யார் மேலன்னு தெரிய வேண்டாமா?"

*

சாயங்காலம். தையல்காரர் வார்டு வாசலில் குந்தியிருந்தார். பள்ளத்தைக் கண்டு அவர் திடீரென்று நிறுத்த, பின்னால் வந்த லாரிக்காரி அவரை இடிக்காமல் ஒதுங்கப் போய் உள்ளே விழுந்திருந்தாள்; அவருக்கு ஒரு கீறல் இல்லை. அதற்காகவே அவமானப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஏன் அவ்வளவு பின்தங்கினீங்க?" என்று கேட்டாள் மருந்தம்மா.

"என் வண்டி நின்னு போச்சுக்கா. டீக்கடையிலருந்து கிளம்பி ரெண்டு மூணு கிலோமீட்டர் நல்லா வந்துச்சு, அப்புறம் இருமி இருமி நின்னுச்சு. லாரிக்காரி என்னென்னமோ பிரிச்சுப் பார்த்தா. கடைசியில பெட்ரோல் டேப் மூடியிருக்கு. அவளே சிரிச்சுட்டா."

"நீங்க மூடினீங்களா?"

"எனக்கு அந்த டேப் இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியும்."

"டீக்கடையில உங்க வண்டிகிட்ட யார் வந்தா?"

"யாரும் வரலை. வக்கீல் சார்தான் என் வண்டிமேல காலைத் தூக்கி வெச்சு ஷூ துடைச்சுட்டு இருந்தார். பெரிய மனுஷன், எப்படி வேண்டாம்னு சொல்றது?"

மருந்தம்மா வார்டுக்குள் போனாள். லாரிக்காரி மயக்க ஊசியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் ஒரு பையில் அவள் ஷூ. இடது ஷூவின் மேலே, விரல் இருக்கும் இடத்தில், கரிக்கோடு போட்டமாதிரி ஒரு வடு. கியர் லீவருக்கு அடியில் நுனிக்காலைக் கொடுத்துக் கொடுத்துத் தூக்கியதில் தோலே தேய்ந்திருந்தது.

அவள் பைக்கைச் சங்கத்தார் மதியமே வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள்; அவள் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். மகள் வாசலிலேயே நின்றாள்.

"போதும்மா. பேரன் எடுத்தாச்சு, பைக்கு எதுக்கு? சாவியை நான் எடுத்து வெச்சுட்டேன்."

"எங்க வெச்ச?"

"சொல்ல மாட்டேன். உங்க மாப்பிள்ளையும் சொல்ல மாட்டார்."

"அவரா? அவருக்கு அவர் சட்டை எங்க இருக்குன்னே தெரியாது."

சாவி இல்லாவிட்டால் போகட்டும். நடையில் ஸ்டாண்டு போட்டு நின்ற பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சைப் பிடித்தாள். கோபத்தில் குதிகால் தானாக இறங்கியது. டக்.

அந்தச் சத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீக்கடையில் லாரிக்காரி சொன்னது காதில் விழுந்தது. "கியர் ஏத்தறப்போ குதிகால்ல மிதிக்காதக்கா, நுனிக்காலால தூக்கு. மிதிச்சுப் பழகினா கால் எங்கன்னு குனிஞ்சு பாக்கத் தோணும். என் வண்டியைப் பாரு, குதிகால் பக்கத்து லீவரை நானே அறுத்துப் போட்டுட்டேன்."

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள், பயந்துபோய்.

"ஒண்ணும் இல்லை. சாவியை நாளைக்கு நீயே கொண்டுவந்து குடுப்ப."

*

திங்கள், மாலை ஆறு மணி. பழைய டயர் கிடங்குதான் சங்கக் கட்டடம். ரப்பர் நாற்றம், பிளாஸ்டிக் நாற்காலிகள். சப்-இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்றான். தலைவர் தொண்டையைக் கனைத்து, "எல் போர்டுகளை நீக்கணும்னு உபதலைவர் சொல்றார். கை தூக்கறவங்க..." என்று தொடங்கினார்.

"கை அப்புறம். முதல்ல காலு," என்றாள் மருந்தம்மா.

"இவங்களுக்குப் பேச உரிமை இல்லை," என்றார் வக்கீல்.

"உரிமையை யார் கேட்டா? நான் பேசறேன், நீங்க காதைப் பொத்திக்குங்க. தலைவரே, லாரிக்காரி வண்டியில குதிகாலுக்கு லீவர் உண்டா?"

"கிடையாது. அவதான் அறுத்துட்டாளே."

"நான் பார்த்த மஞ்சள் ஜாக்கெட் குதிகால்ல மிதிச்சுக் கியர் ஏத்துச்சு. இல்லாத லீவரை மிதிக்க முடியாது. அப்ப அது லாரிக்காரி இல்லை. கறுப்பு பைக்கு, மஞ்சள் ஜாக்கெட்டு, உள்ள வேற ஆள். முகத்தைப் பாக்காம ஜாக்கெட்டை நம்பினது என் தப்பு. நம்ம எல்லாரும் அப்படித்தானே நம்பறோம்?"

கிடங்கில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"தையல்காரர் வண்டியில டேப்பை மூடிட்டா ரெண்டு மூணு கிலோமீட்டர்ல நிக்கும். அது நின்னா வாலும் நிக்கும். முன்னாடி போற ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சுக் கூட்டத்தை விட்டா, அவன்தான் கடைசி ஆள். பழைய ஜாக்கெட்டை மாட்டி என்னைத் தாண்டி, வளைவுல கழட்டி வண்டிப் பெட்டியில போட்டு, கூட்டத்தோட சேர்ந்துக்கலாம். டீக்கடையில அந்த வண்டிமேல காலை வெச்சுட்டு நின்னது யாருன்னு தையல்காரர் சொல்வார். லாரிக்காரி ஷூ மேல வடு இருக்கு. நுனிக்காலால தூக்கறவங்க எல்லாருக்கும் இருக்கும். ஷூ கெட்டுப்போகும்னு குதிகால்ல மிதிக்கற ஒருத்தர் ஷூ மட்டும் கண்ணாடியா இருக்கு."

வக்கீல் சிரித்தார். கோர்ட்டில் சிரிக்கிற சிரிப்பு.

"இந்த ஊர்ல பாதிப் பேர் குதிகால்லதான் மிதிக்கிறான். இதெல்லாம் சாட்சியா, அம்மா?"

"இல்லை. அதுக்குத்தான் இன்னொண்ணு வெச்சிருக்கேன்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைத் தாண்டினப்போ என் தலையில என்ன இருந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"ஹெல்மெட்டு," என்றார் தலைவர்.

"ஹெல்மெட்டுதான். சிவப்பு," என்றான் முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரன்.

"ஹெல்மெட்." "ஹெல்மெட்தான்." சொல்லிக்கொண்டே போனார்கள். வரிசை வக்கீலிடம் வந்து நின்றது. அவர் குனிந்து ஷூவைத் துடைக்க ஆரம்பித்தார்.

கதவோரத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் பேசினான். "நேத்து வராந்தாவுல என்கிட்ட வேற சொன்னீங்களே, சார். ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டுக் காத்து வாங்கிட்டு நின்னாங்கன்னு. நீங்க கூட்டத்துக்கு நடுவுல போனீங்க, இல்லையா?"

"இந்தம்மா உங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்தது."

"விழுந்திருக்கும்," என்றாள் மருந்தம்மா. "ஆனா நான் இவர்கிட்ட டேங்க் மேல வெச்சேன்னுதான் சொன்னேன். காத்து வாங்கினதைச் சொல்லலை. ரெண்டு கையையும் விரிச்சு, கண்ணை மூடி, முகத்தைக் காத்துக்குக் காட்டிட்டு நின்னேன். ஹாரன் அடிச்சப்பத்தான் முழிச்சேன். வெக்கமா இருந்துச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லலை. வேணும்னா லாரிக்காரி எழுந்ததும் அவகிட்ட கேளுங்க, அவளுக்குக்கூடத் தெரியாது. பார்த்தது ஹாரன் அடிச்ச அந்த ஒரே ஆள்."

"வெளிய உங்க வண்டிப் பெட்டியைக் கொஞ்சம் திறக்கறீங்களா?" என்றான் சப்-இன்ஸ்பெக்டர்.

"வாரண்ட் இருக்கா?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. தலைவர் மெல்ல நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அரை மணி நேரம் வழி தவறி அலையட்டும்னு நெனச்சேன்," என்றார் வக்கீல். குரலில் கோர்ட் இல்லை. "அவ்வளவுதான். ஒரு எல் போர்டு சொதப்பினா எல்லாத்தையும் அனுப்பிடலாம். இவங்க வந்ததுலருந்து எறும்பு மாதிரி ஊர்ந்துட்டு இருக்கோம். அங்க பள்ளம் வெட்டி வெச்சிருப்பான்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள் மருந்தம்மா. "தெரியாத வழியில ஒருத்தியை அனுப்பறவன் வால் இல்லை. தலைவரே, இப்ப கை தூக்கச் சொல்லுங்க. யாரை நீக்கணும்னு மட்டும் மாத்திக்குங்க."

*

ஆஸ்பத்திரியில் லாரிக்காரியின் கால் கம்பியில் தொங்கியது. கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"காலைப் பாக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நிறையத் தடவை."

"கேட்டியா?"

"கேக்கலை. இனியும் கேக்க மாட்டேன்."

"அக்கா, விழுவ."

"விழுந்தா எழுந்துக்கறேன். உன் பக்கத்துக் கட்டில் காலியாத்தானே இருக்கு."

அடுத்த ஞாயிறு மகள் சாவியைக் கையில் வைத்தாள். அதே கூட்டுரோட்டில் தன்னைத்தான் இறக்கி விட வேண்டும் என்று மருந்தம்மா பிடிவாதமாகக் கேட்டு நின்றுகொண்டாள். கூட்டம் திரும்பிப் போயிற்று. வெயில் ஏறியது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்து, கையை விரித்து, காற்று வாங்கினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

மஞ்சள் ஜாக்கெட் வந்து நின்றது. உள்ளே தலைவர்.

"போலாம்மா. நான்தான்."

"ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குங்க."

"அட, நான்தாம்மா."

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தூக்கினார். முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் காலையும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் ஹெல்மெட்டை மாட்டி, கிளட்சை விட்டு, அவருக்கு முன்னால் கிளம்பினாள்.