ஜன்னலோரச் செடி

"அண்ணி, எங்கம்மாவுக்கு ஒழுங்கா தண்ணி குடுத்தீங்களா இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க!"

காலை எட்டு மணிக்கே நாத்தனார் வந்துவிட்டாள். விடிந்ததும் மாமியாருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. பார்த்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்ததும் மருமகள்தான். இன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழைத்து வரச் சொன்னாள் நர்ஸ். மூன்று வாரமாகச் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரை அது. சிறுநீர்ப்பையில் தேங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும், நிறையக் குடித்து அடிக்கடி வெளியேற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"மணிக்கு ஒரு டம்ளர் வச்சேன்" என்றாள் மருமகள்.

"அப்புறம் ஏன் ரத்தம் வருது? எந்நேரமும் தையல் மெஷினையே கட்டிக்கிட்டு அழுதா..."

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றான்.

பதினாறு வருஷத்தில் அவன் அவள் பக்கம் பேசியதில்லை. இன்றைக்கு மட்டும் எதிர்பார்த்தது அவள் தப்பு.

மாமியாரின் துணிகளை எடுக்க அறைக்குள் போனாள். கட்டிலை ஒட்டிய ஜன்னலில் செடி மஞ்சளாகத் தொங்கியது. தொட்டாள். வேரோடு கையில் வந்தது. அழுகல் நாற்றம். தொட்டியின் மண் சேறாகக் கிடந்தது. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றியே பல நாளாகிறது.

"அத்தை... எல்லாத்தையும் இதுலதான் ஊத்துனீங்களா?"

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் கணவனும் நாத்தனாரும் நின்றார்கள்.

"ஒவ்வொரு தடவையும் நீ வந்துதானே என்னப் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போகணும்... உடனே மெஷின் நின்னுடும். அது நிக்கிறது எனக்குக் கேக்கும்டி! என்னால உன் பொழப்பும் போகணுமா?"

"போனாப் போகுது! உங்கள யாரு என் பொழப்பப் பாக்கச் சொன்னது?" மருமகள் செடியைத் தரையில் எறிந்துவிட்டு மாமியாரைக் கட்டிக்கொண்டாள். எலும்புதான் கைக்கு அகப்பட்டது.

"அவள ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்றாள் மாமியார், வாசலைப் பார்த்து.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். கணவன் கார் சாவியை எடுத்தான். "நீ வீட்டப் பாத்துக்க. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"அவ வராம நான் ஏற மாட்டேன்."

முன் சீட்டில் அண்ணனும் தங்கையும் திரும்பவே இல்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பின் சீட்டில், தெரு முனை தாண்டுவதற்குள் மாமியார் காலி டம்ளரை நீட்டினாள்.

"ஊத்துடி."