குண்டூசிக்கு வந்த தொப்பை

யானையின் வயிற்றில் பட்டன் மாட்டவே இல்லை.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாம்பல் நிறத் துணியின் இரண்டு ஓரங்களும் பக்கத்தில் வந்தன, தொட்டுக்கொள்ளவில்லை.

"திங்கட்கிழமை காலையில அளந்தப்போ இடுப்பு இருபத்திரெண்டு இஞ்ச். இன்னைக்குப் புதன், இருபத்திநாலு! இருபது வருஷமா தைக்கிறேன், என் டேப்பு ஒரு நாள்கூடப் பொய் சொன்னதில்லையே!" அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்பா தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பெற்ற பிள்ளைகளுக்கும் தையல் பெட்டியிலிருந்தே செல்லப்பெயர் எடுத்துவிட்டார். பத்து வயது மகள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள், சுற்றிக்கொண்டே இருப்பாள். அதனால் அவள் பாபின், தையல் மெஷினுக்குள் சுழலும் நூல்கண்டு. ஆறு வயது மகன் ஒல்லிக்குச்சி. அவன் குண்டூசி.

அடுத்த வாரம் சனிக்கிழமை பள்ளி நாடகத்தில் குண்டூசிதான் யானை.

"வயிறு வலிக்குதுப்பா. தலையும் வலிக்குது," என்றான் குண்டூசி, கழுத்தைச் சொறிந்துகொண்டே.

"அவ்வளவுதானே? இன்னைக்கு சூப்பை ரெண்டு கிண்ணமா குடி. பூண்டு நாலு பல் கூடப் போடறேன். வலியெல்லாம் ஓடியே போயிடும்!"

அம்மா பஸ் கண்டக்டர். அவருக்கு மாலை நேர வேலை இருக்கும் நாட்களில் அப்பாதான் சமையல். அப்பாவுக்குத் தெரிந்த சமையல் ஒன்றே ஒன்று: முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எல்லாம் போட்டு, மேலே ஒரு முட்டையும் உடைத்து ஊற்றிய சூப். அது தெம்பு தரும் என்று அவர் யாரிடமும் சத்தியம் செய்வார்.

மறுநாள் காலையில் குண்டூசி எழுந்திருக்கவே இல்லை. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மேடை ஏறப் பயம். அதுக்குத்தான் இந்த வயித்துவலி. டீச்சர் கறாரா சொல்லிட்டாங்க, இன்னும் ஒரு ஒத்திகைக்கு வரலைன்னா யானை வேஷம் வேற பையனுக்குத்தானாம்!"

"நான் பொய் சொல்லலைம்மா," என்று போர்வைக்குள்ளிருந்து அழுகைக் குரல் வந்தது.

பாபினுக்குத் தம்பியைத் தெரியும். தம்பி பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டு இஞ்ச்? இரண்டு நாளில் இரண்டு இஞ்ச் என்றால் பத்து நாளில்? கணக்குப் போட்டுப் பார்த்தவள் பயந்துபோனாள். வயிற்றுக்குள் ஏதாவது வளர்கிறதோ? இதை வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் ஒவ்வொரு துணியிலும் அளவு எழுதிய சீட்டு ஒன்று குத்தியிருக்கும். 'அளக்காம கத்திரியைத் தொடாதே' என்பது அப்பாவின் சட்டம். பாபின் ஒரு வெட்டுத் துணியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். தினமும் மாலையில் தம்பியைப் பிடித்து நிறுத்தி அளந்தாள்.

"நான் என்ன சட்டையா? எதுக்கு அளக்கிற?"

"பேசாம நில்லு. தொப்பையை உள்ளே இழுக்காதே, அது ஏமாத்து வேலை!"

அவன் அன்று சாப்பிட்டது, இடுப்பளவு, எங்கே வலி என்று எல்லாம் சீட்டில் ஏறின. சீட்டு ஊசி குத்தித் துணியில் ஏறியது. இடையில் அப்பா பெருமூச்சு விட்டபடி யானைச் சட்டையைப் பிரித்து, இரண்டு இஞ்சுக்கு ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்தார். அதைப் பார்த்தபோது பாபினின் பயம் இன்னும் கூடியது.

திங்கட்கிழமை மாலை வரை ஐந்து சீட்டுகள் சேர்ந்துவிட்டன. வியாழன்: சோறு, பூசணிக்காய், இருபத்திரெண்டு, வலி இல்லை. வெள்ளி: மதியம் சூப், இருபத்திநாலு, தலைவலி. சனி: மறுபடி சூப், இருபத்திநாலு, அரிப்பு. ஞாயிறு: உருளைக்கிழங்கு, பீன்ஸ், இருபத்திரெண்டு. திங்கள்: மதியம் சூப், இருபத்திநாலு, வயிற்றுவலி. கடைசிச் சீட்டை எழுதும்போதே பாபினுக்கு விடை தெரிந்துவிட்டது.

அப்பாடா, எதுவும் வளரவில்லை! ஆனால் அடுத்த நொடியே இன்னொரு கவலை வந்தது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அடுக்களையில் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என் குண்டூசிக்காக எட்டு பல் பூண்டு!"

தம்பியின் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கொட்டிவிடலாம். நாளைக்கு? நாளை மறுநாளுக்கு? பாபின் துணியை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் விரித்தாள்.

"அப்பா, உங்க டேப்பு பொய் சொல்லலை."

அப்பா ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். பாட்டு நின்றுபோனது. அடுப்பை அணைத்தார்.

"அப்போ, நான்தான் புள்ளைக்கு வலியைக் கொடுத்தேனா?" என்று கேட்டபடி கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான்பா கொடுத்தீங்க. அது அவன் வயித்துக்குத்தான் தெரியலை."

அப்பா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டார். அன்று குண்டூசிக்கு வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும்தான்.

மறுநாள் எல்லோரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் குண்டூசியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு சீட்டுகளை இரண்டு முறை படித்தார்.

"முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு, முட்டை இதுல எல்லாம் கந்தகம் அதிகம். நல்ல சாப்பாடுதான். ஆனா சில பேருக்கு அது ஒத்துக்காது, வயிறு உப்பிடும். இவனுக்கும் அப்படி இருக்கலாம். இப்போதைக்கு நிறுத்துங்க. அப்புறம் ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து எது ஒத்துக்கலைன்னு நான் பார்க்கிறேன். சரி, இதை எழுதின டாக்டர் யாரு?"

குண்டூசி அக்காவை நோக்கி விரலை நீட்டினான்.

அம்மா அவனை மடியில் இழுத்துக்கொண்டார். "நீ நடிக்கிறேன்னு சொல்லிட்டேனேடா, கண்ணு."

"பரவாயில்லைம்மா. சனிக்கிழமைதான் நடிக்கப்போறேன்," என்றான் அவன்.

புதன்கிழமை ஒத்திகைக்கு அவன்தான் முதல் ஆளாகப் போய் நின்றான்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் பட்டன் சட்டென்று மாட்டிக்கொண்டது. ஆனால் ஒட்டுப்போட்ட வயிறு தொளதொளவென்று தொங்கியது.

"பத்து நாள் பட்டினி கிடந்த யானை மாதிரி இருக்கேடா!" என்று பதறினார் அப்பா.

பாபின் பையிலிருந்து அந்த வெட்டுத் துணியை எடுத்தாள். ஊசிகளைக் கவனமாக எண்ணி எடுத்துவிட்டுத் துணியைச் சுருட்டி, யானைக்குள் திணித்தாள். அப்பா டேப்பை வைத்து அளந்தார்.

"சரியா இருபத்திநாலு!"

குண்டூசி தன் தொப்பையை இரண்டு கைகளாலும் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்தத் தொப்பை வலிக்கவே இல்லை," என்று சொல்லிவிட்டு, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினான்.