ஆள் மாறிப் போன கட்டில்

“நான் செத்துட்டேனா...?”

சத்தமாகத்தான் கேட்டான். ஆர்கன் பாதியில் நின்றது. போதகரம்மா பைபிளிலிருந்து தலை நிமிர்த்தினார். மூன்று வரிசையாக நிறுத்தி வைத்திருந்த கட்டில்களிலிருந்து ஏழெட்டுத் தலைகள், திரும்ப முடிந்த மட்டும் திரும்பிப் பார்த்தன.

தீர்ஸாவுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கட்டிலை அங்கே தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான்!

சுவோலெ நகரத்து ஆஸ்பத்திரியில் ஞாயிறு தோறும் நடப்பதுதான். ஆராதனைக்குப் போக விரும்பும் நோயாளிகள் முந்தின நாளே பெயர் கொடுத்துவிடுவார்கள். காலை ஒன்பதரைக்குத் தொண்டர்கள் வந்து, கட்டிலோடு அப்படியே தள்ளிக் கீழ்த்தளத்து ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். தீர்ஸாவின் சீட்டில் எழுதியிருந்தது: பதினாலாம் அறை, ஜன்னலோரக் கட்டில், திருவாளர் வோல்பர்ட், வயது எழுபத்தெட்டு. ஜன்னலோரத்தில் போர்வையை நெற்றி வரை இழுத்துக்கொண்டு ஒரு உருவம் தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், தூங்கட்டும், பாட்டு ஆரம்பித்தால் விழித்துக்கொள்வார் என்று பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். குளிர்காற்று படுகிறது என்று வோல்பர்ட் ராத்திரியே இடம் மாறிக்கொண்டது அவளுக்கு எப்படித் தெரியும்? கையில் கட்டியிருக்கும் பட்டையில் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இப்போது போர்வை விலகி... எழுபத்தெட்டில் பாதிகூட ஆகாத ஒரு முகம். கலைந்த செம்பட்டை முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழை வருவதற்கு முந்தின நிமிஷத்து வானம் போல ஒரு சாம்பல் நிறம். அந்தக் கண்கள் கூரையைப் பார்த்தன, வண்ணக் கண்ணாடியைப் பார்த்தன, கடைசியில் அவளிடம் வந்து நின்றன.

“நீங்க தேவதையா?”

“தொண்டர்...” என்றாள். “பேர் தீர்ஸா. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு.”

“சின்னத் தப்பா? எங்க வீட்ல மூணு தலைமுறையா ஒருத்தரும் சர்ச் வாசப்படி மிதிச்சதில்லங்க. எங்க தாத்தா இதைக் கேட்டா கல்லறைலேர்ந்து எழுந்து வந்துருவாரு.”

“ஷ்ஷ்... மெதுவா பேசுங்க.”

“என்னை வெளிய கொண்டு போங்க.”

“முடியாது.”

“ஏன்?”

“பின்னாடி பாருங்க. நாலு கட்டில் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. முடியற வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது.”

அவன் கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்தான். பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். ஆர்கன் மறுபடி ஆரம்பித்தது.

பிரசங்கம் தொடங்கும்போது வரிசையில் கைகள் பைக்குள் போயின. எல்லா வாயிலும் ஒரு பெப்பர்மின்ட் ஏறியது. தீர்ஸா தன் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“பிரசங்கத்துக்கு. கரையறதுக்குள்ள முதல் பாகம் முடிஞ்சுரும்.”

“மொத்தம் எத்தனை பாகம்?”

“மூணு.”

“அப்போ பொட்டலத்தையே குடுங்க” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலயத்துக்குள் சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

அவன் பெயர் யெல்மர். உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறான். ஈர இலையில் சைக்கிள் சறுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டவன், மூன்று வாரம் படுக்கைதான். இதெல்லாம் அவனைத் திரும்ப அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் தெரிந்துகொண்டாள். அறைக்குள் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கதவோரக் கட்டிலில் வோல்பர்ட் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பைஜாமாவுக்கு மேலே வெள்ளைச் சட்டை, கருப்பு டை, படிய வாரிய தலை.

“பொண்ணே, உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா?”

“மன்னிச்சுக்குங்க ஐயா... அடுத்த வாரம் முதல் ஆளா உங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

“அடுத்த வாரம் நான் இருக்கணுமே” என்று டையைத் தளர்த்தினார். பால் மாடு வைத்திருந்த மனிதர். சமாதானமாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மன்னிப்புக் கேட்க என்று ஒரு பை திராட்சையோடு வந்தாள். மன்னிப்பு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யெல்மரோடு பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. அடுத்த ஞாயிறு சீட்டில் பதினாலாம் அறைக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன.

“நீங்க எதுக்குப் பேர் குடுத்தீங்க?” என்றாள் யெல்மரிடம்.

“பெப்பர்மின்ட்டுக்கு” என்றான். கண் வேறு ஏதோ சொன்னது. அவள் குனிந்து பிரேக்கை மிதித்தாள், தேவைக்கு மேல் பலமாக.

அன்று ஆராதனை முடிந்து காப்பி கொடுக்கும்போதுதான் வினை வந்தது.

“நீங்க பாடவே இல்லையே” என்றான். “புத்தகத்தைப் பாக்கறீங்க, பக்கம் திருப்பறீங்க, உதடு மட்டும் அசையல. போன வாரமும் அப்படித்தான்.”

தீர்ஸா காப்பியைக் கலக்கினாள். சர்க்கரை போடாத காப்பி.

“நான் நம்பறதில்ல” என்றாள் கடைசியில்.

அவளுடைய அப்பா ஆற்றங்கரை ஊரொன்றில் சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்கூட எடுக்காத வீடு. பைபிளில் தேடி எடுத்துத்தான் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். இருபத்தைந்தாவது வயதில் ஒரு காலை ஜெபிக்க உட்கார்ந்தவளுக்கு, தான் பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தோன்றியது. பெரிய சண்டை எல்லாம் இல்லை... தோன்றியது, அவ்வளவுதான். ஆறு வருஷமாயிற்று. அப்பா இப்போது வாரம் ஒருமுறை போனில் மழையைப் பற்றி மட்டும் பேசுவார். திங்கள் முதல் வெள்ளி வரை புல்வெட்டும் இயந்திரம் விற்கும் கம்பெனியில் உட்கார்ந்து புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரிய பள்ளமாக எதிரே கிடந்தது. அதில் விழாமல் இருக்கத்தான் இந்தக் கட்டில் தள்ளும் வேலைக்கு வந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை. கேட்டுவிட்டு அவன் என்ன சொல்ல வேண்டும்? எதையும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“அப்ப இது நாடகம்தானே தீர்ஸா? உங்களுக்கே நம்பிக்கை இல்லாத எடத்துக்கு அவங்களத் தள்ளிட்டுப் போறீங்க... உங்க பொழுது போகறதுக்காக.”

சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வெளியே வந்த வார்த்தை வந்ததுதான். பாதி உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. தீர்ஸா கோப்பையை வைத்தாள், கட்டில்களை அதனதன் அறையில் சேர்த்தாள், பதினாலாம் அறையில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவள் போகவில்லை. சளி என்று போனில் சொல்லிவிட்டாள். பத்து மணிக்குச் சர்ச் மணிகள் அடித்தன. மழை கண்ணாடியில் வழிந்தது. காப்பி போட்டாள், ஆறவிட்டாள், கொட்டினாள். அவனுக்கு என்ன திமிர் என்று நினைத்தாள். அவன் சொன்னது சரி என்றும் நினைத்தாள். இரண்டும் மாறி மாறி வந்து அவளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. நான் எதற்குத்தான் இருக்கிறேன்... என்ற பழைய கேள்வி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, தொண்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியின் பெரிய வாசலுக்கு நேரே சக்கர நாற்காலியில் யெல்மர் உட்கார்ந்திருந்தான்.

“ரெண்டு நாளா இங்கதான் இருக்கேன்” என்றான். “எனக்குச் சம்பளம் போட்டு வாசல்லயே வச்சுக்கலாம்னு நர்ஸ் சொல்றாங்க.”

“வழிய விடுங்க. அட்டையக் குடுத்துட்டுப் போகணும்.”

“குடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கெழமை வோல்பர்ட் காலைல ஏழு மணிக்கே சட்டை போட்டு, டை கட்டி உட்கார்ந்துட்டாரு. ஒன்பதரை ஆச்சு. பத்து ஆச்சு. ஆள் பத்தலையாம், யாரும் வரல. கீழ பாட்டு முடிஞ்சப்புறம், ஒவ்வொரு பட்டனாக் கழட்டினாரு. நாளைக்கு அவருக்கு இருதய ஆபரேஷன்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? என் மேல பழியா?”

“இல்ல. என் மேல. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவர் போயிருப்பாரு.” அவன் குரல் இறங்கியது. “நீங்க போலின்னு நான் நினைக்கல தீர்ஸா. பொறாமைல கேட்டேன். பசங்களுக்கு நட்சத்திரம் எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுக் காட்டறேன். வீட்டுக்கு வந்து ரொட்டில சீஸ வச்சு, நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படுத்துடறேன். வாழ்க்கைக்கு அர்த்தம்னு ஒண்ணு கெடையாது, அது பலவீனமானவங்க தேடறதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். ஒருத்தர்கூட எனக்காகக் காலைல ஏழு மணிலேர்ந்து காத்திருந்தது இல்ல.”

தீர்ஸா அவனையே பார்த்தாள். அந்தச் சாம்பல் கண்களில் இப்போது கேலி இல்லை. அட்டை அவள் கையிலேயே இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் சக்கரச் சத்தம் வந்தது.

பதினாலாம் அறைக்குள் போனதும் முதலில் வோல்பர்டின் கையைத் தூக்கி, பட்டையில் பெயரை வாய்விட்டுப் படித்தாள்.

“இப்பத்தான் எழுத்து தெரிஞ்சுதா? இன்னிக்குச் செவ்வாக்கெழமை, பொண்ணே. போதகர் இல்ல. ஆர்கன் இல்ல.”

“கட்டில் இருக்கு. நான் இருக்கேன்.”

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு யெல்மரைப் பார்த்து, “தம்பி, அந்த டைய எடு” என்றார்.

ஆலயம் காலியாக இருந்தது. மழை வெளிச்சம் வண்ணக் கண்ணாடி வழியாக வந்து தரையில் மங்கலாகக் கிடந்தது. வோல்பர்ட் ஒரு சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். யெல்மர் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கத்தைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட்டு, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தான். யாராவது ஆரம்பிக்க வேண்டும்.

தீர்ஸாவுக்குப் புத்தகம் தேவையில்லை. அந்த வரிகள் அவள் பேசக் கற்பதற்கு முன்பே காதில் விழுந்தவை. ஆறு வருஷமாக வாயைத் திறந்தால் பொய்யாகிவிடும் என்று பூட்டி வைத்திருந்தாள். இப்போது கிழவரின் கையைப் பார்த்தாள். போர்வை மேல் விரித்து வைத்திருந்தார். விரல்கள் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அவருக்குப் பயமாக இருக்கிறது... அதை வெளியே சொல்லும் பழக்கம் அவருக்கில்லை.

பாடினாள். முதல் வரி உடைந்தது. இரண்டாவது வரியில் வோல்பர்டின் கரகரத்த குரல் வந்து சேர்ந்துகொண்டது. மெதுவாக, இழுத்து இழுத்து, அவள் ஊரில் பாடுவது போலவே. அவள் நெஞ்சுக்குள் கடவுள் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த ஆலயத்துக்குள் எதுவும் பொய்யாக இல்லை. மூன்று சரணமும் முடிந்தபோது கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சுருதி கொஞ்சம் ஏத்தம்” என்றார்.

யெல்மர் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தான். அவன் கண்ணும் நனைந்திருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏன் தள்றேன்னு கேட்டீங்கல்ல? மேல யாரும் இருக்கறதா எனக்கு இப்பவும் தோணல. ஆனா ஞாயித்துக்கெழமை காலைல இவர் டை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அது நிச்சயம். என் கைல இருக்கற ஒரே நிச்சயம் அதுதான். அது போதும்னு இப்பத்தான் தெரியுது... இதுக்காக என் ஞாயித்துக்கெழமையக் குடுக்கலாம். வாழ்க்கையக்கூடக் குடுக்கலாம்.”

“உங்களுக்குப் பதில் கெடச்சுருச்சு” என்றான் மெல்ல. “என்னை வெள்ளிக்கெழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. நான் என்ன செய்யறதுன்னு...”

“நீ ஞாயித்துக்கெழமை வா” என்றாள்.

நீ... அவளையறியாமல் வந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

“நான் நம்பறவன் இல்லையே தீர்ஸா.”

“யாரு கேட்டா? ஊன்றுகோலோட வா, லிஃப்ட் பட்டனையாவது அமுக்கு.” மூச்சை இழுத்தாள். கன்னம் சுட்டது. இத்தனை தூரம் வந்த பிறகு வெட்கம் என்ன வெட்கம்! “அதுக்காக மட்டும் இல்ல. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வேலை முடிஞ்சா உன்னைப் பாக்கணும்னு இருக்கு. இந்தப் பத்து நாள் கோவத்துலகூட உன் ஞாபகம்தான். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு யெல்மர்... ரொம்பப் பிடிச்சிருக்கு.”

வகுப்பில் எதற்கும் பதில் வைத்திருக்கும் பௌதிக வாத்தியார், வாயைத் திறந்தான், மூடினான்.

“பதில் சொல்லித் தொலைடா தம்பி” என்றது கட்டில். “மேல என் சூப் ஆறுது.”

யெல்மர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி அவள் பக்கம் வந்தான். கம்பியைப் பிடித்திருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தான்.

“இந்த எடத்துல அன்னிக்குக் கண்ணு முழிச்சப்ப செத்துட்டேன்னுதான் நினைச்சேன்” என்றான். “உன்னைப் பாத்ததும், சரி, செத்தாலும் பரவாயில்லன்னு தோணுச்சு. இப்ப எனக்கு வாழணும்போல இருக்கு தீர்ஸா. உன்னோட.”