உயிருள்ளவளுக்கு வைத்த இலை

வன்னியபெருமாள் ஈரக் கைகளை மூன்று முறை தட்டினார். கரமனை ஆற்றுப் படித்துறையில் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்கும் காகங்கள் தென்னைகளிலிருந்து இறங்கின. இடதுபக்கம் ஒரு பெண் தன் கணவனுக்கு வைத்த இலையில் மூன்று காகங்கள். வலதுபக்கம் தாய்க்கு வைத்த இலையில் நான்கு. நடுவில் இருந்த அவருடைய இலையை மட்டும் ஒரே ஒரு காகம் சுற்றி நடந்தது. எள் கலந்த சோற்று உருண்டையைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அவரையும் அதேபோல் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

போனவளுக்கு ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது, நாளைக்கு வந்து எடுக்கும் என்று சடங்கு செய்துவைத்தவர் ஆறுதல் சொன்னார். வன்னியபெருமாள் தலையசைத்தார். காரணம் அவருக்குத் தெரியும். அந்த இலைக்கு உரியவள் சாகவில்லை.

அவருடைய ஒரே மகள் ஸ்ரீலட்சுமி. இருபத்தைந்து வயது, கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. முந்தின நாள் ஞாயிறு காலை, முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டாள். டெலிவிஷன் மேல் கடிதம் இருந்தது. தனியாகத்தான் போகிறேன், யாரோடும் ஓடிப்போகவில்லை, அங்கே சண்டை ஓய்ந்திருக்கிறது, மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து கிரீஷ் விஷயம் பேசலாம் என்று எழுதியிருந்தாள். கிரீஷுடன் அவளுக்கு நிச்சயதார்த்தம் அடுத்த வெள்ளிக்கிழமை.

ஞாயிறு மாலையே சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சமுதாய மண்டபத்தில், கிரீஷின் தகப்பனார் திரவியம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “நிச்சயம் பண்ணப்போற பொண்ணு மூட்டையத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போயிருக்கு. இது ஒங்க வீட்டு வழக்கமா அண்ணாச்சி?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து நான்கு தலைமுறை ஆகியும் அந்தக் குடும்பத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. வன்னியபெருமாள் எழுந்து நின்றார். “எனக்கு மக இல்ல. நாளைக்கு ஆத்துல தல முழுகிருதேன்” என்றார்.

தலைமுழுகியதோடு நின்றிருக்கலாம். ஒரு முங்கு முங்கி எழுந்து வீட்டுக்குப் போன தகப்பன்மார் உண்டு. கோபம் ஆறியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். கரையேறியதும், செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் பலிக்கு உட்கார்ந்துவிட்டார். பெயர் கேட்டார்கள், சொன்னார். நட்சத்திரம் கேட்டார்கள், பூரட்டாதி என்றார். எப்போது போனாள் என்று கேட்டதற்கு, நேற்று, வெளிநாட்டில், உடல் வரவில்லை என்றார். மணமாகாத பெண்ணென்றால் மூன்று நாள் போதும் என்று சொல்லி இலையைப் போட்டார்கள்.

கிள்ளிப்பாலத்து வீட்டுக்கு ஈர வேட்டியோடு திரும்பியபோது மனைவி மங்கலம் இல்லை. நாகர்கோவிலில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டதாக அடுத்த வீட்டார் சொன்னார்கள்.

மதியம் மூன்று மணிக்கு டெலிபோன் அடித்தது. எடுத்தார். பேசவில்லை.

“அம்மாவா?” மகளின் குரல். பிறகு ஒரு சிரிப்பு. “ஓ, அப்பா. அந்த மூச்ச வச்சே அறியாம், நீங்கதான்னு. பேச வேண்டாம், கேட்டா மதி, அது போதும்.”

கொழும்பு நம்ம சாலைக் கடைத்தெரு மாதிரியே இருக்கிறது, அதே நெரிசல், அதே மிளகாய் நெடி என்றாள். நன்றாகத் தூங்கினாளாம். காலையில் லாட்ஜ்காரர் அவள் பெயரை இரண்டாம் முறை கேட்டு எழுதினாராம். ராத்திரி எழுதின பெயரை நோட்டில் காணவில்லையாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் ரிசீவரை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கைதட்டி முடிக்கும் முன்பே காகங்கள் வந்தன. மற்ற இலைகளை அவை திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கொத்தின. கறுப்புச் சிறகுகளுக்கு அடியில் வெள்ளைச் சோறு கரைந்துகொண்டே போனது. ஆற்றின் பாசி நாற்றமும், எள்ளின் எண்ணெய் வாசனையும், நனைந்த இறகின் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. ஏற்றுக்கொண்டாள், இனி கவலையில்லை என்றார் சடங்குக்காரர். இலை கழுவிவைத்ததுபோல் இருந்தது. வன்னியபெருமாள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பனியில் குளித்ததால் என்று சொல்லிக்கொண்டார்.

மூன்று மணிக்காக இரண்டு மணியிலிருந்தே டெலிபோன் அருகில் உட்கார்ந்திருந்தார். முதல் மணி முடியும் முன் எடுத்தார்.

“அப்பா, நான் கண்டியில இருக்கேன்.” இன்று சிரிப்பு இல்லை. “என்னமோ போல இருக்குப்பா. ரயில்ல ஒருத்தர் வந்து என் மடியில கூடைய வச்சார். சீட்டுல ஆளே இல்லாத மாதிரி. ஒரு தமிழ் ஹோட்டல்ல ஒரு மணி நேரம் இருந்தேன். அண்ணா, அண்ணான்னு விளிச்சேன். மேசையத் துடைக்க வந்தவர் என் கை மேலயே துடைச்சிட்டுப் போனார். நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் ஒண்ணும் திங்கல.”

அவர் ரிசீவரை இறுகப் பிடித்தார்.

“இந்த பூத்துக்காரரும் என்னப் பாக்கல. நானா வந்து டயல் பண்ணுதேன். அப்பா, கோபமெல்லாம் இருக்கட்டும். என் பேரை மட்டும் ஒரு தடவ சொல்லுங்க. அது மதி.”

நாக்கு மேலே எழுந்தது. காலையில் அதே நாக்குத்தான் அந்தப் பெயரைச் சோற்றுக்குக் கொடுத்திருந்தது.

அவள் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. மெல்ல, தூரத்தில். ஈரக் கைகளைத் தட்டும் சத்தம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“யாரோ விளிக்கிற மாதிரி இருக்குப்பா” என்றாள். தொடர்பு அறுந்தது.

மாலை சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தார். தம்பி நீலகண்டனின் பலசரக்குக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, நாளைக்குக் காலையில் போக வேண்டாமென்று பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீலகண்டன் முந்திக்கொண்டான்.

“அண்ணே, திரவியம் அண்ணாச்சி நாளைக்கு நேர்ல வாறாராம். நீங்க நெசமாவே செய்யுதீங்களா, இல்ல ஊர் வாய மூடுததுக்காகச் சும்மா சொன்னீங்களான்னு பாக்கணுமாம்.”

வன்னியபெருமாள் துண்டைத் தோளில் சரிசெய்தார். “வரச் சொல்லு” என்றார்.

புதன்கிழமை விடிந்து வெளிச்சம் பரவியபோது டெலிபோன் அடித்தது. ஓடினார். ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“லட்சுமி” என்றார். “எம்மா, லட்சுமி. அப்பாதான் பேசுதேன். திரும்பி வந்துரு.”

மறுமுனையில் மூச்சு மட்டும். பிறகு மெல்லிய குரல், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல். “ஹலோ? ஹலோ? யாரும் எடுக்கல.”

அவர் கத்தினார். பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் யாரிடமும் இல்லாமல், தனக்குத்தானே, பசிக்குது என்றாள்.

வாசலில் திரவியத்தின் கார் ஹாரன் அடித்தது.

படித்துறையின் மேல்படியில் திரவியமும் நீலகண்டனும் நின்றார்கள். கீழே வன்னியபெருமாள் இலைக்கு முன் மண்டியிட்டிருந்தார். இன்றோடு முடிகிறது, மனதில் நினைத்துக்கொண்டு வையுங்கள் என்றார் சடங்குக்காரர். ஒரே வாக்கியம் போதும். என் மகள் உயிரோடிருக்கிறாள். எழுந்து நின்று அதைச் சொன்னால் போதும், இலையைச் சுருட்டி எறிந்துவிடுவார்கள். வாயைத் திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, மனசு மாறிட்டா?” என்று திரவியம் மேலிருந்து கேட்டார். உதட்டோரம் லேசாகச் சுழித்தது.

வன்னியபெருமாளின் முதுகு தானாக நிமிர்ந்தது.

பெயரைச் சொன்னார். நட்சத்திரத்தைச் சொன்னார். உருண்டையை வைத்தார். கைதட்டினார்.

ஒரு காகம்கூட இல்லை. தென்னைகள் காலியாக நின்றன. ஆறு அசையவில்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களின் சத்தமும் கேட்கவில்லை.

படிகளில் யாரோ இறங்கி வந்தார்கள்.

திரவியத்துக்கும் நீலகண்டனுக்கும் நடுவே புகுந்து. அவர்கள் விலகவில்லை. முதுகில் பெரிய பை. உலர்ந்த உதடு. ஸ்ரீலட்சுமி அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். எள், தர்ப்பை, மண் எல்லாம் சேர்த்து. மெல்லவில்லை. விழுங்கினாள். அவள் விழுங்க விழுங்க அவள் தோளுக்குப் பின்னால் ஆறு தெரிந்தது. முதலில் மங்கலாக. பிறகு அக்கரைப் படிகள். பிறகு அந்தப் படியில் துணி துவைக்கும் பெண்ணின் கை.

“காக்கா வந்துட்டா?” என்று மேலேயிருந்து திரவியம் கேட்டார்.

இலை காலியானது. அவள் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். கோபமில்லை. பசி மட்டும். பாத்திரத்தில் இன்னும் சோறு இருந்தது. கொடுத்தால் அவள் கரைந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. கொடுக்காவிட்டால் இப்படியே பசியோடு உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள்.

வன்னியபெருமாள் குனிந்து, அடுத்த உருண்டையைப் பிடிக்கத் தொடங்கினார்.