ரேகை இல்லாத விரல்கள்!

டிர்ர்ர்ரிங்...! டிர்ர்ர்ரிங்...!

கடித்த வடை பாதி வாயில் இருக்கும்போதே உதயசூரியனின் செல்போன் அலறியது.

சென்னை நம்பர்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடி ஆபீஸ். போர்டில் 'உதயம் ஓவர்சீஸ்'. வெளிநாட்டு முதலாளி ஸ்பான்சர் செய்யும் வேலைக்கு ஆள் பிடித்து, விசா வாங்கி, விமானம் ஏற்றிவிடுகிற தொழில். தொழில் நன்றாகவே நடந்தது. நியாயமாக நடந்ததா என்று கேட்டால் உதயசூரியனே சிரித்துவிடுவான்.

"ஹலோ... சொல்லுங்க."

"சார், விசா சென்டர்லேர்ந்து பேசுறோம். உங்க கேண்டிடேட் ஒருத்தங்க பயோமெட்ரிக்குக்கு வந்திருக்காங்க. அப்ளிகேஷன்ல உங்க நம்பர்தான் இருக்கு."

"எங்க ஆளு யாரும் இன்னிக்கு அங்க வரலையே மேடம்..."

"எதிர்லதான் உக்காந்திருக்காங்க சார்! இங்கிலாந்து. நர்ஸ் வேலை. பேரு... சந்தனமேரி."

வடை தொண்டையிலேயே நின்றது.

"யா... யாரு?"

"சந்தனமேரி சார். ஊரு ஆதனக்கோட்டை. ஒரு சின்ன பிரச்சினை. பத்து விரலையும் வெச்சுப் பாத்துட்டோம், மெஷின்ல ரேகையே விழ மாட்டேங்குது. துடைச்சுப் பாத்தாச்சு, க்ரீம் போட்டுப் பாத்தாச்சு. விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் மொழுமொழுன்னு இருக்கு. ஸ்பான்சர்கிட்டேர்ந்து ஒரு லெட்டர் வாங்கி அனுப்புனீங்கன்னா... இருங்க, அவங்களே பேசுறாங்க."

போன் கை மாறும் சத்தம். அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம், பயந்த, அடங்கிய ஒரு பெண் குரல்...

"சார்... நான்... நான் சந்தனமேரி பேசுறேன் சார். முந்திரி ஒடைச்ச கை சார்... ரேகை விழலை..."

உதயசூரியன் போனை அணைத்தான். அது நழுவி மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

ஆதனக்கோட்டையில் முந்திரி உடைப்பவர்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு. தோலை அரித்துவிடும். வருஷக்கணக்கில் உடைத்தால் விரல் நுனியில் ரேகை என்று ஒன்று இருக்காது. சந்தனமேரி நர்சிங் படித்தவள்தான். ஆனாலும் ட்யூட்டி இல்லாத நாளெல்லாம் வீட்டாரோடு உட்கார்ந்து உடைத்தாள். ரேஷன் கடை மெஷினே அவளைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

'முந்திரியத் தொடாம இரும்மா, ரேகை வளரட்டும்' என்று உதயசூரியனே அவளிடம் சொல்லியிருந்தான்.

அந்த விரல்களை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த விரல்களுக்குச் சொந்தக்காரி சென்னையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் தெரியும்!

ஏனென்றால், போன ஆகஸ்டில், குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கைவிட்ட கல்குவாரியில், தேங்கி நின்ற தண்ணீருக்குள் அவளைக் கயிறு கட்டி இறக்கியவன் அவன்தான். கூடவே பழைய மோட்டார் ஒன்றையும் சேர்த்துக் கட்டி!

அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. இங்கிலாந்து நர்சிங் ஹோமுக்குத் தானே போன் போட்டுப் பேசிவிட்டாள். அவர்கள் கேட்டது ஒரே ஒரு நர்ஸ். விசாவுக்கு நர்ஸிடம் பைசா வாங்கக் கூடாது என்பதும் அவர்கள் கண்டிஷன். அந்த ஒரே வேலையைக் காட்டித்தான் உதயசூரியன் ஜில்லா முழுக்க வசூல் செய்திருந்தான்.

"போலீசுக்குப் போவேன் சார்" என்றாள் காரில் வரும்போது.

போகவில்லை. போக விடவில்லை.

'எவளோ விளையாடுறா...' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேபினை விட்டு வெளியே வந்தான்.

வந்தவன் அப்படியே நின்றான்.

வரவேற்பு மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். பாதி தண்ணீர். டம்ளரின் மேல் பிசுபிசுப்பாய்க் கறுப்புக் கறை. ஒன்று, இரண்டு... ஐந்து விரல்.

குனிந்து பார்த்தான். கறையில் கோடே இல்லை! மொழுக்கென்று இருந்தது. முந்திரி ஓடு கருகும் வாடை மூக்கில் ஏறியது.

"காவ்யா...! ஏய் காவ்யா!"

அவன் மனைவி காவ்யா உள்ளிருந்து ஓடி வந்தாள். ஆபீஸ் கணக்கு வழக்கு அவள் பொறுப்பு.

"என்னங்க?"

"இங்க யாரு வந்தா?"

காவ்யாவின் கண்கள் டம்ளருக்குப் போய்த் திரும்பின.

"யாரும் வரலையே..."

"இந்தத் தண்ணிய யாரு குடிச்சா?"

"தெரியலங்க. ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

அவன் பீரோவுக்குப் பாய்ந்தான். இடுப்புச் சாவியால் லாக்கரைத் திறந்தான். 'பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டு சென்னை பஸ் ஏறிட்டா சார்' என்று போலீசில் கதை சொல்லியிருந்தானே... அந்த பாஸ்போர்ட்டை எரிக்க மனசு வராமல் இங்கேதான் ஒளித்து வைத்திருந்தான்.

துழாவினான்.

காணோம்!

பூட்டிய லாக்கருக்குள் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு சந்தனமேரி சென்னைக்குப் போய்விட்டாளா? உதயசூரியனுக்கு இப்போது ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அவள் தண்ணீருக்குள் இருக்கிறாளா... இல்லையா?

"எங்கிட்டுப் போறீங்க? மழை வருதுங்க!"

காவ்யா கத்தியது படிக்கட்டோடு நின்றது.

எதிர்ப்புற டீக்கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். சுடர்விழி. சந்தனமேரியின் தங்கை. வாராவாரம் ஆபீசுக்கு வந்து, "எங்கக்கா எங்க?" என்று கேட்டு, துரத்தப்பட்டுப் போகிறவள். இன்றைக்கும் துரத்தியாகிவிட்டது.

உதயசூரியனின் கார் தாறுமாறாய்க் கிளம்புவதைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... சுடர்விழி பேசுறேன். ஆளு பேயறைஞ்ச மாதிரி ஓடுறாரு சார். செருப்புகூட போடலை. திருச்சி ரோட்டுப் பக்கம் திரும்பிட்டாரு!"

"அங்கேயே நில்லும்மா. வாரேன்."

ஜீப் வந்தது. சுடர்விழி ஏறிக்கொண்டாள். உள்ளே இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன். நரைத்த மீசை, நரைக்காத சந்தேகம். உதயசூரியன் மேல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். ஆனால் பிணம் இல்லாமல் கொலைக் கேஸை எதில் மாட்டுவது?

"ஆபீஸ்ல என்னம்மா சொன்ன? ஏன் ஓடுறான்?"

"ஒண்ணுமே சொல்லலை சார். அவர பாக்கவே இல்ல. அந்தம்மா தண்ணி குடுத்துச்சு, குடிச்சேன். அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு, கெளம்புன்னுச்சு. வந்துட்டேன்."

வைப்பர் மழையைத் தள்ளியது. கீரனூர் தாண்டும்போது உதயசூரியனின் கார் தூரத்தில் தெரிந்தது. சுடர்விழி மெல்லச் சொன்னாள்.

"கல்லறைத் திருநாள் வருது சார். எங்க தெருவுல எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. எங்கம்மா ஏத்த மாட்டேங்குது. 'மண்ணே இல்லாம எங்கிட்டு ஏத்துறது, அவ உசுரோட இருந்தா'ன்னு அழுகுது. எங்கக்கா இல்லன்னு எனக்குத் தெரியும் சார். ராத்திரியில தண்ணி சொட்டச் சொட்ட வந்து வாசல்ல நிக்கிற மாதிரியே கனா வருது. அவளுக்கு ஒரு எடம் வேணும் சார். படுத்துக்க ஒரு எடம்."

"முன்னாடி போற கார விட்டுறாதய்யா" என்றார் ஆத்மநாதன், ஜீப்பை ஓட்டிய ஏட்டிடம்.

கல்குவாரி.

சாயங்கால வெளிச்சம் பாறைகளின் மேல் சாம்பலாய்க் கிடந்தது. கீழே பச்சைத் தண்ணீர். ஆழம் எவ்வளவு என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

உதயசூரியன் நான்கு காலில் தவழ்ந்து இறங்கினான். தண்ணீர் ஓரத்துப் பாறை வெடிப்பில் கையை விட்டான். அவன் கட்டிய நைலான் கயிற்றின் நுனி பாசி படிந்து, வழவழவென்று அகப்பட்டது.

இழுத்தான்.

வரவில்லை.

பல்லைக் கடித்து மறுபடி இழுத்தான். அடியில் ஏதோ கனமாய் அசைந்தது. தண்ணீரில் குமிழிகள் கிளம்பின.

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! வாய்விட்டே சிரித்தான்.

"இருக்கா...! கீழதான் இருக்கா...! எங்கேயும் போகலை!"

"யாருங்க கீழ இருக்கா?"

பின்னாலிருந்து கேட்டது குரல்.

உதயசூரியன் திரும்பினான். மேலே, பாறை விளிம்பில், மழையில் முழுக்க நனைந்து, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட... சந்தனமேரி!

"ஐயோ...! வேணாம்...! நான் வேணும்னு செய்யலை மேரி... நீ போலீசுக்குப் போறேன்னு சொன்ன... அதான்... என்னை விட்டுரு!"

"போலீசு வந்தாச்சுய்யா. நல்லா சத்தமாச் சொல்லு, பின்னாடி ஏட்டுக்கும் கேக்கட்டும்" என்று சுடர்விழிக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தார் ஆத்மநாதன்.

அக்காவின் முகஜாடை அப்படியே இருந்த தங்கை, அந்தக் கயிற்றைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதுவரை அழாதவள் பாறையில் உட்கார்ந்து, குவாரியே எதிரொலிக்க, "அக்கா..." என்று கதறினாள்.

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

உதயசூரியன் மூலையில் குந்தியிருந்தான். பேசினால் பல் தந்தியடித்தது.

"சார்... எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த டம்ளரு? ரேகையே இல்லாத விரலு?"

சுடர்விழி எதிர் பெஞ்சிலிருந்து தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கறுத்து, மொழுக்கென்று, கோடே இல்லாத பத்து விரல்.

"எங்கக்காவுக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சீங்களா? எங்க தெருவுல பொம்பளைங்க யாருக்குமே ரேகை கெடையாது."

"சரி... அப்ப சென்னையில? சந்தனமேரின்னு போன்ல பேசுச்சே... நீங்க செட்டப் பண்ண ஆளா சார்?"

"நானா? எனக்கே நேத்து ராத்திரிதான்யா தெரியும்!" ஆத்மநாதன் கதவுப் பக்கம் கை காட்டினார். "இந்தா வாராங்க பாரு."

இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் தலைகுனிந்து வந்தாள்... காவ்யா!

"நீயா...?"

"ஓடிப்போனவ பாஸ்போர்ட்டு லாக்கர்ல சும்மாதானங்க கெடந்துச்சு..." காவ்யா மூக்கை உறிஞ்சினாள். "ஸ்பான்சர் வேற காத்துக்கிட்டு இருந்துச்சு. டூப்ளிகேட் சாவி போட்டு எடுத்து, நீங்க அவளுக்குப் போட்டு வெச்ச அப்ளிகேஷனோடயே, அவ தெரு சரண்யாவ, அந்தப் பேருலயே அனுப்பிவிட்டேன். சரண்யாவும் நர்சு, ஜாடையும் ஒத்துப்போச்சு. ஒங்ககிட்ட சொன்னா காச ஒங்க தங்கச்சிக்குக் குடுத்துருவீங்கன்னு சொல்லலை. நீங்க அவளக் கொன்னது எனக்கு எப்படிங்க தெரியும்?"

உதயசூரியன் சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

"பேய் வரலைய்யா" என்றார் ஆத்மநாதன். "ஒன் தொழில்தான் வந்துச்சு. ஒரு வேலையப் பத்துப் பேருக்கு வித்த. ஒன் சம்சாரம் அத பதினொண்ணாவது ஆளுக்கு வித்துட்டாங்க."

சுடர்விழி எழுந்தாள். ராத்திரியே குவாரியிலிருந்து மேலே எடுத்த அக்காவோடு வாசலில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஆதனக்கோட்டைக்கு.

"வாரேன் சார். அக்காவக் கூட்டிட்டுப் போகணும். அம்மா மெழுகுவத்தி வாங்கி வெச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வண்டி தெரு முனையில் மறைந்தது.

அப்புறம் ஏட்டு வெள்ளைச்சாமி மசித் தட்டோடு வந்தார். உதயசூரியனின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்து மசியில் அமுக்கி, காகிதத்தில் உருட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா... பத்து விரலும் பளிச்சுனு விழுந்திருக்கு! பயோமெட்ரிக் பாஸ் சார். ஸ்பான்சர் நம்ம கவர்மெண்டு, தங்குற எடம் திருச்சி ஜெயிலு... ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் கேக்காதீங்க!"