தாளில் ராஜா, பலகையில் யானை

படித்தவன் பேப்பரை நீட்டிப் பேசினால் டிரைவர் முதலில் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவர். பஸ் ஓட்டி ஓய்ந்தவர். சதுரங்கமும் அதை எழுத நாலு எழுத்தும் மட்டும் அண்ணன் சொல்லிக்கொடுத்தது.

அன்று மதியம் பழைய சதுரங்க மன்றத்துக்கு அவர் போனது அண்ணிக்காக. பழைய ஆட்டங்களை மன்றம் புத்தகமாகப் போடுகிறது. செத்துப்போன அண்ணனின் கடைசி ஆட்டமும் அதில் வருகிறது, 'தோற்றபின் தாளைத் திருத்தியவர்' என்ற குறிப்போடு.

"அந்த வரி மட்டும் அச்சுல வரக்கூடாது தம்பி," என்றிருந்தாள் அண்ணி.

மாடி அறையில் செயலாளர் இரண்டு தாள்களை விரித்தார். ஆடுகிற இருவரும் ஒவ்வொரு நகர்த்தலையும் தனித்தனியே எழுதுவது வழக்கம். எதிராளியின் தாளில், அண்ணன் கடைசியாக யானையை நகர்த்தி அடுத்ததிலேயே மாட்டிக்கொண்டார். அண்ணன் தாளில், ராஜா மூலைக்கு ஒதுங்கியிருந்தது. ஒதுங்கியிருந்தால் கோப்பை அண்ணனுக்கு.

பலகையில் நகர்ந்தது யானைதான், பார்த்த சாட்சிகள் உண்டு என்றார் செயலாளர் நயமாக.

"உங்க ஆளு, உங்க சாட்சி," என்றார் டிரைவர்.

காயைத் தொடுமுன்பே எழுதிவிடுகிற பழக்கம் அண்ணனுக்கு. எழுதினது நான், நகர்த்தினது நானில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. ஒருநாள் சவரக் கத்தியோடு கிடந்தார். அவமானம் தாங்காமல் கழுத்தை அறுத்துக்கொண்டார் என்றார்கள். ஆனால் அவருடைய இடது கை, கத்தி பிடித்த வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடியைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவர் ஆடிய மேசை ஜன்னலோரம் துணி போர்த்திக் கிடந்தது. துணியை எடுத்ததும் நனைந்த சாக்கின் வாடை. அந்த நகர்த்தலை ஆடிப் பார்க்கணும் என்று டிரைவர் கேட்டதும், செயலாளர் காய்களைக் கடைசி நிலையில் அடுக்கினார். டிரைவர் அண்ணன் உட்கார்ந்த பக்கம் உட்கார்ந்து, அண்ணனைப் போலவே முதலில் எழுதினார்.

ராஜா, மூலை.

ஜன்னலில் வெயில் அப்படியே அடித்தது. மேசை மட்டும் ஜில்லிட்டது.

ராஜாவை எடுக்கக் கையை நீட்டினார்.

கை போகவில்லை.

புறங்கையில் ஐந்து விரல்கள் படிந்தன. குளிர்ந்த, அவசரமில்லாத விரல்கள். பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்குவதுபோல, அவர் கையை யானையின் தலையில் கொண்டுபோய் வைத்தன.

யானை நகர்ந்தது.

"என்னங்க, ராஜான்னு எழுதிட்டு..." என்று தொடங்கிய செயலாளர் இரண்டடி பின்வாங்கினார். டிரைவரின் புறங்கையில் ஐந்து வெளுத்த தடங்கள்.

அந்தக் குறிப்பைச் செயலாளரே கோடு போட்டு அடித்தார்.

அண்ணி வீட்டுச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பொய் சொல்லவில்லை, வரியை அடித்தாயிற்று என்று டிரைவர் மேசையருகே உட்கார்ந்து சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவர் கையைப் பார்த்தாள்.

"கை வலிக்குதா தம்பி?"

"இல்லையே அண்ணி."

குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை, வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

அண்ணி காய் நறுக்கின கத்தியை அவர் கைக்கு எட்டாமல் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

கத்தி போன பக்கமாக, மேசைமேல், வலது கையின் விரல்கள் மெல்ல ஊர்ந்தன.